உருக்கில் அருமண்: தூய்மையாக்கியா, கலப்புலோகமா?

ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே தமிழ் வாசகர் அறிவர். ஆனால் அவர் முதலில் ஒரு புவியியலாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனியவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தபோது, மத்திய மலைநாடு தெற்கு நோக்கிச் சரியும் பலாங்கொடைப் பகுதியில் அவர் கண்டு பதிந்தவற்றுள் இரண்டு இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. ஒன்று, கிராமத்துக் கொல்லர்கள் சிறு மண் மூசைகளில் இரும்பையும் மரத்துண்டுகளையும் அடைத்து உருக்குக் காய்ச்சிய முறை. மற்றது, இரத்தினக்கல் படிவுகளில் அகப்பட்ட ஒரு கருநிறக் கனியம். 1904இல் அதற்குத் தோரியனைட்டு என்று பெயரிட்டார்கள். அதில் பெரும்பகுதி தோரியம். கூடவே யுரேனியமும், சீரியம், லந்தனம், நியோடைமியம், பிரசியோடைமியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளும் உண்டு.

கடைசியாகச் சொன்ன நான்கும் அருமண் தனிமங்கள். உருக்காலைகள் உருகிய உருக்கில் இடும் 'மிஷ்மெட்டல்' என்ற கலவை பெரும்பாலும் இந்த நான்கால் ஆனது. அதில் ஏறக்குறையப் பாதி சீரியம். ஒரே மலைச்சரிவில் உருக்கும் இருந்தது, அருமண்ணும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது பிற்பாடு, வேறு நாடுகளில். எழுந்த நாளிலிருந்து அது ஓயவில்லை.

ஆவர்த்தன அட்டவணையின் லந்தனைடுகள் 15, அவற்றோடு ஸ்கண்டியம், இத்திரியம் என மொத்தம் 17 தனிமங்களை அருமண் என்கிறோம். உருக்கின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இவற்றைச் சேர்த்தால் அடிதாங்கும் வலு கூடுகிறது என்று ஒரு சாரார் எழுதினர், குறைகிறது என்று இன்னொரு சாரார் எழுதினர். ஒரே ஆலையில் ஒரு வார்ப்பு நன்றாக வந்து, அடுத்தது கெட்டுப்போனதும் உண்டு. அருமண் உருக்கைக் கழுவிச் சுத்தப்படுத்துகிறதா, அல்லது உருக்கோடு கலந்து அதன் இயல்பையே மாற்றுகிறதா என்பதுதான் எல்லாச் சர்ச்சைக்கும் அடியில் கிடக்கும் வினா.

சிறு கலப்பைத் தேடிய இருநூறு ஆண்டுகள்

மிகச் சிறிய கலப்பு ஒன்றே நல்ல உருக்கின் இரகசியம் என்ற எண்ணம் அருமண்ணுக்கு முந்தியது. மைக்கேல் பாரடே 1819இல் இந்தியாவிலிருந்து வந்த ஊட்ஸ் உருக்கைப் பகுப்பாய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் அது தவறான வழியில் ஒரு சரியான துறையைத் திறந்துவிட்டது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எனப் பலவற்றை உருக்கில் கலந்து பார்த்தார் பாரடே. திட்டமிட்ட கலப்புருக்கு ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

இலங்கை உருக்கும் இந்தத் தேடலுக்குள் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அல்கிந்தி, சரந்தீவு எனப்பட்ட இலங்கையின் உருக்கால் ஆன வாள்களையும் வகைப்படுத்தினார். மங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்ட், 1912இல் இலங்கையின் பழைய இரும்புப் பொருள்களை ஆராய்ந்து வெளியிட்டார். சிகிரியாவில் கிடைத்த உளி அவற்றுள் ஒன்று. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் சமனலவெவப் பகுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் மேற்கு நோக்கிய மலைவிளிம்பு உலைகளைக் கண்டார். அவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தி இல்லை, தென்மேற்குப் பருவக்காற்றே ஊதுகாற்று. 1994இல் அதே அமைப்பில் உலை கட்டி உருக்கிப் பார்த்தபோது காபன் மிகுந்த உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவுகள் வந்தன.

ஊட்ஸ் புதிருக்கு இப்போது அதிகம் ஏற்கப்படும் விடையைத் தந்தவர்கள் ஜான் வெர்ஹோவனும் வாள் செய்பவரான ஆல்ஃபிரட் பென்ட்ரேயும். ஊட்ஸால் செய்த தமஸ்கஸ் வாளின் அலைவரிகளுக்கு வனேடியம் போன்ற, காபைட்டு உருவாக்கும் தனிமங்கள் காரணம் என்றும், 0.01 சதவீதத்துக்கும் குறைந்த அளவே போதும் என்றும் 1998இல் காட்டினார்கள். பாரடே தேடிய பொருள் வேறு. ஆனால் சிறு கலப்பு பெரிய வேலை செய்யும் என்ற அவருடைய உள்ளுணர்வு பொய்க்கவில்லை.

அப்படியானால், பலாங்கொடைப் பாறையின் அருமண் அங்கு காய்ச்சிய உருக்குக்குள்ளும் புகுந்து ஏதாவது செய்திருக்குமா? கேட்பதற்குக் கவர்ச்சியான கேள்வி. வேதியியல் அதை அனுமதிக்காது என்றே சொல்ல வேண்டும். அருமண் தனிமங்கள் ஒட்சிசனை அலுமினியத்தைக் காட்டிலும் இறுக்கமாகப் பற்றிக்கொள்பவை. கரி உலையின் வெப்பத்தில் காபன் இரும்பை விடுவிக்கும், அருமண்ணை விடுவிக்காது. தாதில் அருமண் இருந்தால் அது அப்படியே கசடோடு போய்விடும். கசடில் தங்கிய அருமண்களின் விகிதத்தைக் கொண்டு ஓர் இரும்புப் பொருள் எந்தத் தாதிலிருந்து வந்தது என்று தொல்லியலாளர் இன்று கண்டறிவது இதனால்தான். மண்ணில் அருமண் இருப்பதையே உருக்கின் சிறப்புக்குக் காரணமாக்கும் ஊர்ப்பெருமைப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அந்தக் கொல்லர்களின் பெருமைக்கு அது தேவையும் இல்லை.

முதல் பதில்: கழுவுகிறது

பிரித்தெடுத்த உலோகமாக அருமண் கிடைக்கத் தொடங்கிய பிறகே அதை உருக்கில் இட முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், சூட்டில் உருட்டும்போது வெடித்துப்போன சில கறைபடா உருக்குகள் அருமண் சேர்த்தவுடன் உருட்ட வளைந்து கொடுத்தன. இதற்குச் சொன்ன விளக்கம் எளிது. சீரியம் 800 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். 1,600 பாகையில் உருகி நிற்கும் உருக்கில் அதை இட்டதும் அங்கு கரைந்துள்ள ஒட்சிசனையும் கந்தகத்தையும் பிடித்து ஒட்சைட்டு, ஒட்சிசல்பைட்டு, சல்பைட்டு என்று துணிக்கைகளாக மாறுகிறது. உருக்கின் படிகங்களான மணிகளின் எல்லைகளில் படிந்து அதைப் பிளக்கவிருந்த கந்தகம் இப்படிக் கட்டுப்பட்டுவிடுகிறது.

இந்தப் பதிலில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. பலவீனம் எடையில் இருக்கிறது. உருகிய உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7 கிராம் அளவு. அலுமினாத் துணிக்கையின் அடர்த்தி சுமார் 4. அது மேலே மிதந்து கசடோடு சேர்ந்துவிடும். சீரியம் ஒட்சிசல்பைட்டின் அடர்த்தியோ 6 அளவு. அது மிதக்கத் தயங்கும். உருக்கு இறுகும்போது கீழ்ப்பகுதியில் கூட்டமாகத் தங்கும்; வார்ப்பு ஓடும் மூக்குக்குழாயின் உட்சுவரில் படிந்து அதை அடைக்கும். அழுக்கைப் பிடித்த பொருள் அழுக்கோடு உள்ளேயே தங்கிவிட்டால் அதைச் சுத்தம் என்று சொல்ல முடியாது. 1950களிலும் 60களிலும் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்ததற்கு இதுவே முதற்காரணம் என்று இன்று தோன்றுகிறது. இட்ட அருமண்ணில் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு துணிக்கையாயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்று அந்தக் கால அறிக்கைகளில் பெரும்பாலும் தனித்தனியே காண முடியாது.

இரண்டாம் பதில்: துணிக்கையின் வடிவத்தை மாற்றுகிறது

துணிக்கையை அகற்ற முடியாவிட்டாலும் அதன் தீமையைக் குறைக்கலாம் என்பது அடுத்த நிலைப்பாடு. இந்தத் துறையில் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்பது நல்லது.

சாதாரண உருக்கில் கந்தகம் மங்கனீசோடு சேர்ந்து மங்கனீசு சல்பைட்டாக இருக்கும். வார்த்த நிலையில் அது சிறு உருண்டை. சூடான உருக்கை உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக நீட்டும்போது, மென்மையான இந்தத் துணிக்கையும் கூடவே நீள்கிறது. முடிந்த தகட்டை வெட்டி, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருட்டிய திசையில் சாம்பல்நிற நூல்கள் போல அவை நீண்டு கிடக்கும். தகட்டை நீளவாட்டில் இழுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. குறுக்குவாட்டில் அடித்தால் ஒவ்வொரு நூலும் ஒரு ஆயத்த விரிசல். எனவே ஒரே தகடு ஒரு திசையில் வலுவாகவும் மறுதிசையில் எளிதில் முறிவதாகவும் இருக்கும்.

அருமண் சேர்த்தால் கந்தகம் மங்கனீசை விட்டு அருமண்ணிடம் போகிறது. அருமண் சல்பைட்டும் ஒட்சிசல்பைட்டும் உருட்டும் வெப்பத்திலும் கடினமாகவே இருப்பவை. உருளை அழுத்தினாலும் அவை நீள்வதில்லை, உருண்டையாகவே நிற்கின்றன. லுய்க்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1970இல் குறைகலப்பு உயர்வலு உருக்குகளில் இதைத் தெளிவாக விளக்கினர். கந்தகத்தின் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அருமண் இருந்தால் வடிவக் கட்டுப்பாடு நிறைவாகும் என்பது ஆலைகளில் நடைமுறை விதியாயிற்று. எண்ணெய், வாயுக் குழாய்களுக்கான தகடுகளில் 1970களில் இந்த முறை பெருமளவில் கையாளப்பட்டது. அதுவரை வந்த ஆய்வுகளைக் கிப்பென்ஹனும் ஷ்னைட்னரும் 1970இலும், வாட்பி 1978இலும் தொகுத்தார்கள். அருமண் உருக்கின் பொற்காலம் அது.

பிறகு அது மங்கியது. காரணம் அருமண்ணின் தோல்வி அல்ல. கந்தகத்தையே மிகச் சிறு அளவுக்குக் குறைக்கும் முறைகள் வந்தன. எஞ்சியதை மலிவான கல்சியத்தால் உருண்டையாக்க முடிந்தது. கல்சியம் மூக்குக்குழாயையும் அடைப்பதில்லை. நோய் குறைந்தபோது மருந்தின் தேவையும் குறைந்தது.

மணிகளுக்குக் கருவாகிறது

உருக்கு இறுகும்போது எங்கோ ஓரிடத்தில் முதல் படிகம் தோன்ற வேண்டும். தோன்றும் இடங்கள் பலவானால் மணிகள் சிறிதாகும். சிறு மணி வலுவையும் அடிதாங்குதலையும் ஒருசேரக் கூட்டும். எந்தத் துணிக்கை கருவாகப் பயன்படும் என்பதற்கு பிராம்ஃபிட் 1970இல் ஓர் அளவுகோல் தந்தார்: துணிக்கையின் அணு அடுக்கும் இரும்பின் அணு அடுக்கும் எவ்வளவு நெருங்கிப் பொருந்துகின்றன என்பதே அது. அவர் சோதித்தவை காபைட்டுகளும் நைத்திரைட்டுகளும். அதே அளவுகோலை அருமண் ஒட்சைட்டுக்கும் சல்பைட்டுக்கும் வைத்துப் பார்த்தபோது பொருத்தம் நன்றாக இருந்தது.

கணக்கு சரி. நடைமுறையில் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகின்றன. உருக்கு காத்திருக்கக் காத்திருக்கப் பயன் தேய்கிறது. சிறு வார்ப்புகளில் கிடைத்த முடிவு பல தொன் எடைக் கட்டியில் கிடைப்பதில்லை. மேலும் வினைபுரியும் துணிக்கையே விரிசலின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஒன்றைப் பெற மற்றதை இழக்க வேண்டிவரும்.

மூன்றாம் பதில்: கலந்து நிற்கிறது

சர்ச்சை மிகச் சூடாக இருப்பது இங்கே. துணிக்கையாகாமல் எஞ்சிய அருமண் அணுக்கள் இரும்பின் அணிக்கோவைக்குள் கரைந்து நின்று நேரடியாக வேலை செய்கின்றன என்பது இந்த நிலைப்பாடு. சீன ஆய்வாளர்கள் இதை நீண்டகாலமாக வலியுறுத்தி வருகின்றனர்.

எதிர்வாதம் அளவைப் பற்றியது. இரும்பணுவின் ஆரை சுமார் 126 பிக்கோமீற்றர், சீரிய அணுவின் ஆரை சுமார் 182. வேறுபாடு நாற்பது சதவீதத்துக்கும் மேல். பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றில் ஒன்று நன்கு கரையாது என்பது ஹியூம்-ரோதரியின் பழைய விதி. ஆகவே கரைதிறன் மிகச் சிறியது. பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கு என்ற அளவில் பேசப்படுவது. இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் பலர்.

அதற்கு மறுமொழி உண்டு. இடம் கொள்ளாத அணு நடுவில் நிற்காது. படிகக் குறைகளையும் மணி எல்லைகளையும் நாடிப் போகும். எல்லையோ மொத்தப் பொருளில் மிகச் சிறு பகுதி. அங்கே செறிந்தால் சிறு அளவும் போதும். பொசுபரசு, வெள்ளீயம் முதலியன மணி எல்லையில் படிவதால் சில கலப்புருக்குகள் நொறுங்கும். சீ, ஸ்பென்சர், ஹொண்ட்ரோஸ் மூவரும் 1979இல், லந்தனம் இந்தப் பகையணுக்களைப் பிடித்துவைத்து அந்த நொறுங்கும் தன்மையைத் தடுக்கும் என்று காட்டினர். கலந்து நிற்றல், கழுவுதல் என்ற இரண்டு பதில்களையும் பிரிக்கும் கோடு இங்கே மங்கிவிடுவதைக் கவனிக்க வேண்டும். எல்லைக்குச் சென்று பகையணுவைப் பிடிப்பதை அணு அளவிலான கழுவல் என்றும் சொல்லலாம்.

இந்த நிலைப்பாட்டின் உண்மையான பலவீனம் அளவிடுதல். வேதிப் பகுப்பாய்வு சொல்வது மொத்த அருமண்ணை. அதில் எவ்வளவு துணிக்கையில், எவ்வளவு கரைசலில் என்று பிரிப்பது கடினம். நனோமீற்றர் அளவுத் துணிக்கைகள் பகுப்பாய்வில் கரைந்த அணுக்களாகக் கணக்கில் சேர்ந்துவிடலாம். அணு அணுவாகப் படமெடுக்கும் கருவிகள் இப்போது உண்டு. ஆனால் அவை பார்ப்பது ஓர் ஊசிமுனை அளவுப் பொருளை. அதைக் கொண்டு பல தொன் உருக்கைப் பற்றிப் பேசுவதில் நிதானம் வேண்டும்.

சூட்டில் நிற்கும் செதிள்

இதுவரை சொன்ன எதையும் சார்ந்திராத ஒரு பயன் உண்டு. சர்ச்சை மிகக் குறைந்ததும் அதுவே. குரோமியமோ அலுமினியமோ மிகுந்த வெப்பந்தாங்கு உலோகங்கள் தங்கள் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுச் செதிளை உருவாக்கித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. சூடாகி ஆறும்போது உலோகமும் செதிளும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் செதிள் உரிந்து கொட்டும். புது உலோகம் காற்றில் படும். மின்சூடேற்றிக் கம்பிகளுக்கு அருமண் சேர்த்தால் செதிள் உரியாமல் நெடுநாள் நிற்கிறது என்று ஃபீல் 1937இல் காப்புரிமை பெற்றார்.

பயனை யாரும் மறுக்கவில்லை. காரணத்தில்தான் கருத்து வேறுபாடு. செதிள் உலோகத்துக்குள் ஆணிபோல் வேர்விடுகிறது என்றார்கள். செதிளுக்கடியில் சேரும் வெற்றிடங்களை அருமண் உறிஞ்சுகிறது என்றார்கள். செதிளின் மணி எல்லைகளை அடைத்து அயன்களின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்றார்கள். 1986இல் ஸ்மெகில் முதலியோர் கந்தகத்தை மீண்டும் கொண்டுவந்தனர். இயல்பாகவே செதிள் நன்றாக ஒட்டும். உலோகத்திலுள்ள சிறு கந்தகம் இடைமுகத்துக்கு வந்து பிணைப்பை அறுக்கிறது. அருமண் அந்தக் கந்தகத்தைக் கட்டிவிடுகிறது. கந்தகத்தை மிகக் குறைத்த உலோகங்களில் அருமண் இல்லாமலே செதிள் ஒட்டியது இதற்கு வலுவான சான்று. ஆனால் செதிள் மெதுவாக வளர்வதை அது விளக்காது. அதற்கு எல்லைகளை அடைக்கும் கருத்து தேவை. இரண்டும் ஒருங்கே நடக்கின்றன என்பதே பொருந்திய கருத்தாகத் தெரிகிறது.

வணிகத்திலும் இந்தப் பயன் நிலைத்திருக்கிறது. சுவீடனில் உருவான 253 எம்.ஏ. என்ற வெப்பந்தாங்கு உருக்கின் தரவரையறையிலேயே 0.03 முதல் 0.08 சதவீதம் சீரியம் இடம்பெறுகிறது. அருமண்ணின் பெயரும் அளவும் தரப்பட்டியலில் எழுதப்பட்ட உருக்குகள் அதிகமில்லை. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேகஈனுலைகளுக்காக ஆராயும் உருக்குகளில் இத்திரியம் ஒட்சைட்டை நனோமீற்றர் துணிக்கைகளாகவே வேண்டுமென்று தூவுகிறார்கள். அங்கே அது உயர்வெப்பத்தில் உலோகம் மெல்ல நீளும் ஊர்வைத் தடுக்கிறது. உருகிய உருக்கில் போட்டுப் பெறுவதல்ல. தூளாக்கி அரைத்து அழுத்திச் செய்வது. பெயரில் அருமண் இருப்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது குழப்பத்தையே தரும்.

ஒட்சிசனைக் கணக்கில் எடுத்த பின்

முரண்பாடுகளுக்கு ஒரே மறைகாரணம் இருந்திருக்கலாம் என்ற வாதத்தைச் சீனாவின் ஷென்யாங் நகரிலுள்ள உலோக ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்வைத்தனர். லி தியென்ஜொங் தலைமையிலான குழு 2014இல், கனத்த வார்ப்புகளில் கால்வாய்போல் ஓடும் கலப்புப் பிரிவுகளுக்கு ஒட்சைட்டுத் துணிக்கைகள் மேலே மிதந்து செல்வதே தூண்டுதல் என்று காட்டியது. 2022இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் அடுத்த படியை வைத்தது. உருக்கில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இடப்படும் அருமண் உலோகத்திலும் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நிறைவேறினால் மிகச் சிறு அருமண்ணே நிலையான பயனைத் தருகிறது. ஒன்று தவறினாலும் முடிவு அலைபாய்கிறது.

இந்த இரண்டாம் நிபந்தனையே புதியது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் உருக்கின் தூய்மையை மட்டும் பார்த்தார்கள். உள்ளே போடும் அருமண் தன்னுடனேயே ஒட்சைட்டைக் கொண்டுவருவதைப் பெரும்பாலும் பார்க்கவில்லை. பழைய அறிக்கைகளின் முரண் இதனால் ஓரளவு விளங்குகிறது. என்றாலும் ஒன்றைக் கூற வேண்டும். ஒட்சிசனை இவ்வளவு குறைத்தாலே உருக்கு வெகுவாக மேம்படும். அந்த மேம்பாட்டில் அருமண்ணின் பங்கு எவ்வளவு, தூய்மையின் பங்கு எவ்வளவு என்பதை இதர ஆய்வுக்கூடங்களும் தனித்தனியே அளந்து உறுதிசெய்யும்வரை தீர்ப்பு எழுதுவது அவசரம்.

பொருளாதார நோக்கையும் விட்டுவிட முடியாது. காந்தங்களுக்காக நியோடைமியத்தைத் தோண்டுவோருக்குச் சீரியமும் லந்தனமும் தேவைக்கு மிஞ்சிக் குவிகின்றன. அவற்றுக்குப் பெரிய சந்தை ஒன்று வேண்டும். உருக்கைவிடப் பெரிய சந்தை கிடைப்பது அரிது. சீனாவின் பயானோபோ சுரங்கத் தாதைப் பயன்படுத்தும் பாவ்டோ உருக்காலை அருமண் தண்டவாளங்களைச் செய்வதில் இந்த நிலையும் சேர்ந்திருக்கிறது. இது அந்த உருக்கைக் குறைசொல்வதாகாது. ஆய்வைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

தோட்டத்து இரும்புக்கு இதில் என்ன உண்டு?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, ஹட்டன் பகுதியில் உருக்கு படும் பாடு நான்கு வகை. கவ்வாத்துக் கத்தி, சுரண்டி, முள்ளு, மண்வெட்டி ஆகியவை ஈரத்திலும் அமில மண்ணிலும் தேய்கின்றன. தேயிலை மண்ணின் பி.எச். பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. அங்கே தேய்வும் அரிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும். மங்கனீசு சல்பைட்டு துருக்குழி தொடங்கும் இடம் என்பதால், அதை அருமண் மாற்றினால் அரிப்பு குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் அருமண் சல்பைட்டும் நீரில் நிலையற்றது. அதைச் சுற்றியே குழி தொடங்கியதாகவும் முடிவுகள் உள்ளன. இந்தக் கேள்வியில் இரு பக்கமும் சான்று இருக்கிறது.

சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும்) முறைத் தொழிற்சாலைகளில் கொழுந்தைக் கடித்து நசுக்கும் பல்லுருளைகள் அடுத்தவை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு வேகம். பல்லின் முனை மழுங்கினால் தேயிலையின் தரம் இறங்கும். தேய்ந்த இரும்புத்துகள் தூளில் சேரும். அதை எடுக்கக் காந்தம் வைக்க வேண்டும். உருளையைக் கழற்றிப் பல்லை மீண்டும் வெட்ட வேண்டும். இங்கே வேண்டியது பல்முனை சிறு சில்லாக உடையாத உருக்கு. துணிக்கை சிறிதாகவும் உருண்டையாகவும் இருந்தால் சில்லுடைதல் குறையும் என்பது இரண்டாம் பதிலின் வழியே கிடைக்கும் நியாயமான ஊகம். இந்த மலைநாட்டில் பெரும்பகுதி மரபுமுறைத் தேயிலை என்பதால் சந்தை சிறியது.

மூன்றாவது, உலர்த்திக்குச் சூடுகாற்று தரும் அடுப்பின் உலோகப் பாகங்கள். தினமும் எரிந்து தினமும் ஆறுபவை. செதிள் உரிவதே அவற்றின் முடிவு. அருமண்ணுக்கு உறுதியான நியாயம் உள்ள இடம் இதுதான். அதற்கான உருக்கும் சந்தையில் இருக்கிறது. தடை விலை மட்டுமே.

நான்காவது தண்டவாளம். ரம்புக்கனையிலிருந்து ஏறும் மலைப்பாதை 44க்கு 1 என்ற சரிவில், சுமார் 100 மீற்றர் ஆரை வளைவுகளோடு போகிறது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்த பாதை இது. வளைவில் சக்கரவிளிம்பு வெளித்தண்டவாளத்தின் பக்கவாட்டை அரைத்துக்கொண்டே இருக்கும். சீனத்தின் அருமண் தண்டவாளங்கள் தேய்வைக் குறைப்பதாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் தண்டவாளத் தேய்வில் கடினம், மசகு, வளைவின் ஆரை ஆகியவற்றின் பங்கு மிகப் பெரிது. அவற்றைச் சமப்படுத்தாமல் அருமண்ணின் பங்கைப் பிரிக்க இயலாது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

அருமண் கந்தகத்தையும் ஒட்சிசனையும் பிடிக்கும் என்பதும், துணிக்கையின் வடிவத்தை மாற்றும் என்பதும், சூட்டில் செதிளை உரியாமல் நிறுத்தும் என்பதும் ஐயமற நிலைநாட்டப்பட்டவை. கலப்புலோகமாக நின்று வேலை செய்கிறது என்பது சாத்தியம்; சில உருக்குகளில் நிகழக்கூடியது; பொது விதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் வரவில்லை. கரைந்த அருமண்ணையும் நனோத் துணிக்கையையும் பிரித்து அளக்கும் வழி பொது நடைமுறையாகும்வரை அது இப்படியே இருக்கும். நீண்டகால அரிப்பு, களத்தில் படும் தேய்வு ஆகிய இரண்டிலும் ஆய்வுக்கூட முடிவுகள் மிகுதி, களமுடிவுகள் அரிது.

'அருமண் உருக்கு' என்ற பெயரை மட்டும் பார்த்து எந்தத் தோட்டமும் கருவி வாங்கக் கூடாது. கந்தகம் எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு, கடினம் எவ்வளவு என்ற மூன்றையும் சான்றிதழில் கேட்க வேண்டும். கவ்வாத்துக் கத்தியின் நன்மை தீமை பெரும்பாலும் காபன் அளவிலும், காய்ச்சித் தோய்த்த பக்குவத்திலும் தீர்மானமாகிறது; அருமண் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் துறை இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரே கடினத்துக்குத் தோய்த்த, அருமண் சேர்த்ததும் சேர்க்காததுமான கத்திகளை ஒரே மலையில் ஒரே கவ்வாத்துப் பருவத்தில் கொடுத்து, எத்தனை செடிக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க இவ்விரண்டும் கைகோத்தால் போதும். அந்தச் சோதனையைச் செய்து, கந்தகம், ஒட்சிசன் அளவுகளோடு முடிவை வெளியிடுமாறு இரண்டு நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.